அவளோட பேசும்போது மட்டும் நிக்குது

வா தம்பி, உள்ள வா. செருப்பை வாசல்ல விடாத, உள்ளயே கழட்டு. இந்தத் தெருவுல ஒரு நாய் இருக்கு, ஒத்தச் செருப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிரும். போன தடவை வந்த உங்க நெட்டு கம்பெனி ஆளு ஒரு கால்ல செருப்போட பைக்கை எடுத்துக்கிட்டுப் போனாப்ல.

பேரு என்ன சொன்ன? பீர்முகமதா? நல்லது. உக்காரு பீர்முகமது. அங்க போகாத, ரவுட்டர் எங்கயும் ஓடிறாது. முதல்ல நான் சொல்றதைக் கேளு, கேட்டுட்டுத்தான் நீ அதைத் தொடணும். இதுக்கு முன்னாடி வந்தவங்க அம்புட்டுப் பேரும் வந்ததும் வராததுமா செல்லை எடுத்து ஸ்பீடு பாத்தாங்க. முள்ளு அந்தக் கோடிக்குப் போச்சு. 'சூப்பரா இருக்கு சார்'னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. ஸ்பீடு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? யூடியூப் ஓடுது, நியூஸ் ஓடுது, பழைய படம் பாட்டு எல்லாம் நிக்காம ஓடுது. வயித்து வலின்னு டாக்டரைக் கூப்பிட்டா பல்லைப் பாத்துட்டு நல்லாருக்குன்னு போறதா?

என் கம்ப்ளெய்ன்ட் வேற. என் சம்சாரத்தோட வீடியோ கால் பேசும்போது மட்டும் நிக்குது. எல்லா நேரமும் இல்ல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

இரு, டீ போடுறேன். பேசிக்கிட்டே போடுறேன், நீ அங்கயே உக்காந்து கேளு. சர்க்கரை போடலாம்ல? நாப்பது வருஷமா அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காத ஆளுப்பா நான். இப்ப டீ வருது, ரசம் வருது, தோசை மட்டும் கல்லோட ஒட்டிக்கிருது. அதையும் அவகிட்ட வீடியோலதான் கேட்டேன். வெங்காயத்தை ரெண்டா வெட்டி கல்லுல தேய்ங்கன்னு சொன்னா. அந்தப் பேச்சு எம்புட்டுத் தெளிவா வந்துச்சு தெரியுமா? பக்கத்துல நின்னு பேசுற மாதிரி வந்துச்சு. ஒரு தடங்கல் இல்ல. அப்ப உங்க நெட்டு நல்லாத்தான இருந்திருக்கு? அதைத்தான் நானும் கேக்குறேன்.

நான் யாருன்னு உனக்குச் சொல்லலையே. டெலிபோன் திரவியம்னா விளாங்குடியில பழைய ஆளுக அத்தனை பேருக்கும் தெரியும். டெலிபோன் டிபார்ட்மென்ட்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். அந்தக் காலத்துல ஒரு வீட்டுல போன் செத்துப் போச்சுன்னா வந்து நிக்க வேண்டியவன் நான்தான். இன்னிக்கு நீ எப்படியோ, அன்னிக்கு நான் அப்படி. அதனால என்கிட்ட நீ சும்மா 'அந்தப் பக்கம் ஏதாவது கோளாறு இருக்கும் சார்'னு மட்டும் சொல்லிறாத. அது நான் சொன்ன பொய்யி. கோளாறு எங்கன்னு பிடிபடலைன்னா, வெயில்ல போஸ்ட் மரம் ஏறச் சோம்பலா இருந்தா, 'நம்ம பக்கம் லைன் சரியாத்தான் இருக்கு, அந்தப் பக்கம்தான் கோளாறு'ன்னு சொல்லிட்டு வந்திருவோம். நம்பிருவாங்க. போன மாசம் வந்த ஒரு பய என்கிட்டயே அதைச் சொல்றான்! டீயை முழுசாக் குடிக்க விடாம அனுப்பிட்டேன்.

சம்சாரம் பேரு சொர்ணம். மெல்பன்ல இருக்கா. ஆஸ்திரேலியா. ஒரே மக சுபத்ரா அங்கதான் இருக்கு, மாப்பிள்ளைக்கு அங்க வேலை. மக உண்டாயிருந்தப்ப பிரசவம் பாக்க இவ போனா. அப்படித்தான எல்லா வீட்டுலயும் நடக்குது? பெத்தவ போவா, பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போடுவா, புள்ளைக்குத் தலை நின்னதும் கிளம்பி வந்திருவா. என்னையும்தான் கூப்பிட்டாங்க. நான் அங்க போய் என்ன செய்ய? குளிரு, இங்கிலீஷு. வீட்டை யாரு பாக்குறது? நான் வரல, நீ போய்ட்டு சீக்கிரம் வந்துருன்னு ஏத்தி விட்டேன். ஏர்போர்ட்ல அழுதா பாரு. நான்தான் அதட்டினேன், எதுக்குடி அழுவுற, திரும்பி வராமயா இருந்துறப் போறன்னு.

பேரன் பொறந்தான். தலை நின்னுச்சு. கவுந்தான், தவழ்ந்தான். விசாவை நீட்டியிருக்கோம்பான்னு மக சொன்னா. சரி, கைப்புள்ளையை விட்டுட்டு எப்படி வருவான்னு நானும் விட்டுட்டேன். இப்ப அவன் நடக்குறான் தம்பி. பிஸ்கட்டைக் கேட்டு வாங்கித் திங்கிறான். இந்த மாசக் கடைசியில அந்த விசாவும் முடியுது. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வர்றாளா, இல்ல இன்னும் நீட்டுறாளா? அதைக் கேக்கத்தான் எனக்கு நெட்டு வேணும். வேற எதுக்கும் வேணாம். அதைக் கேக்கும்போதுதான் நின்னு போகுது.

இந்தா டீ. சூடா இருக்கு, பாத்து.

நான் என்னென்ன செஞ்சு பாத்துட்டேன்னு கேட்டுக்க. முதல்ல இது டீவிக்குப் பின்னால இருந்துச்சு. டீவி இழுத்துக்கும்னு ஒருத்தன் சொன்னான், எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன். இரும்புப் பக்கம் வைக்கக் கூடாதுன்னு அடுத்தவன் சொன்னான். சரின்னு பரண் மேல ஏத்தினேன். ஸ்டூல் போட்டு ஏறும்போது காலு பெசகி, நாலு நாள் நொண்டிக்கிட்டு அலைஞ்சேன், ஏன்னு கேக்க நாதியில்ல. இன்னொருத்தன் வந்தான், கண்ணாடி இருந்தா சிக்னல் திரும்பிரும்னான். அந்த ரூம்ல அவளோட நிலைக்கண்ணாடி இருக்குல்ல, அதைக் கழட்டிச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். இப்ப அந்த ரூமுக்குள்ள போனா மூஞ்சி பாக்கக்கூட ஆளில்ல. பாஸ்வேர்டை மாத்தினேன். பிளானைப் பெருசாக்கினேன். ரெண்டு பேருல வைஃபை வருது பாரு, ஒண்ணு கிட்டக்க இருந்தா நல்லது, இன்னொண்ணு தூரத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க. ரெண்டுலயும் பேசிப் பாத்தேன். ரெண்டுலயும் நிக்குது.

சிரிக்காத, ஒண்ணு சொல்றேன். ஆயுத பூஜைக்கு அவ இருந்தா வீட்டுல எதையும் விட மாட்டா. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ஸ்விட்சு, என் பழைய ஸ்க்ரூ டிரைவரு, அத்தனைக்கும் பொட்டு வெச்சிருவா. இந்த வருஷம் நானே சந்தனம் கரைச்சு எல்லாத்துக்கும் வெச்சேன். ரவுட்டருக்கும் வெச்சேன். சந்தனம் இறங்கி அந்தப் பச்சை லைட்டை மூடிருச்சு, லைட்டே எரியலைன்னு கம்ப்ளெய்ன்ட் போட்டுட்டேன். வந்தவன் துண்டால தொடச்சுவிட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே போனான். அவகிட்ட அன்னிக்குச் சொன்னேன். அவளும் சிரிச்சா. வாய்விட்டுச் சிரிச்சா தம்பி. அப்படி ஒரு சிரிப்பை அதுக்கு முன்னாடி நான் பாத்ததேயில்ல. அதுவும் நிக்காம வந்துச்சு.

கம்ப்ளெய்ன்ட் போட எனக்குச் சலிப்பே கிடையாது. போட்டா ஒரு பொண்ணு பேசும். 'உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா சார்'னு கேக்கும். அப்படி யாரு கேக்குறா இந்த வீட்டுல? மதுரையில வெயில் எப்படியிருக்குன்னு நானும் அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். பாவம், அதுக்கு நேரம் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வாறேன். லைன்ல கோளாறு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. எங்க இருக்குன்னு தேடக் கூடாது. எப்ப வருதுன்னு பாக்கணும். மழை பேஞ்சா இரையுதா, அப்ப தண்ணி இறங்குது. காத்தடிச்சா விட்டு விட்டு வருதா, அப்ப மரக்கிளை உரசுது. எப்பன்னு தெரிஞ்சா எங்கன்னு தெரிஞ்சிரும். நான் அப்படித்தான் இதைப் பாத்தேன்.

வெயிலைப் பத்திப் பேசுறோம், நிக்கல. பேரனைப் பத்திப் பேசுறோம், நிக்கல. மீனாட்சி கோயில்ல கூட்டம், எதிர்வீட்டு ஜானகி மருமக சண்டை போட்டுட்டுப் போனது, எல்லாம் தண்ணியா ஓடுது. கடைசியா நான், 'சரி, எப்பக் கிளம்பி வாற?'ன்னு கேப்பேன். படம் அப்படியே நின்னுரும். வாய் கொஞ்சம் திறந்த மாதிரி, கண்ணு இங்கயே பாத்த மாதிரி நின்னுரும். சத்தமும் வராது. நான் ஹலோ ஹலோன்னு கத்துவேன். கொஞ்ச நேரத்துல கட்டாயிரும். பெறகு ஒரு மெசேஜ் வரும், 'உங்க நெட்டு சரியில்லங்க, நாளைக்குப் பேசுறேன்'னு.

நான் என்ன நெனச்சேன், நேரமாக நேரமாக ரவுட்டர் சூடாகுது, அதனால கடைசியில நிக்குதுன்னு நெனச்சேன். சோதிச்சுப் பாக்கணும்ல? மறுநா அவ மூஞ்சி தெரிஞ்சதும் எடுத்த எடுப்புல கேட்டேன், எப்ப வாறன்னு. எடுத்த எடுப்புலயே நின்னு போச்சு. அப்பச் சூடு இல்ல.

பெறகு என் சத்தமோன்னு நெனச்சேன். நான் கொஞ்சம் உரக்கப் பேசுற ஆளு. டிபார்ட்மென்ட்ல போஸ்ட் மேல இருக்கறவன்கிட்டக் கீழ நின்னு கத்திக் கத்திப் பழக்கம், வீட்டுலயும் அப்படித்தான். கத்துனா லைன் தாங்கலையோ என்னமோன்னு மெதுவாக் கேட்டுப் பாத்தேன். 'எப்பம்மா வாற'ன்னு அம்மா போட்டுக் கேட்டேன். அவளை அம்மான்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுக்கும் நின்னுச்சு. சும்மா இல்ல, வழக்கத்தை விட நெடுநேரம் நின்னுச்சு.

சரி, படம் வேணாம், வெறும் பேச்சு பேசுவோம்னு சாதாக் கால் போட்டேன். கேட்டதும், 'என்னங்க, ஹலோ, கேக்கலயேங்க'ன்னா. நான் சொல்றது அவளுக்குக் கேக்கல, அவ சொல்றது எனக்கு கணீர்னு கேக்குது. இந்தக் கோளாறை எங்க சர்வீஸ்ல 'ஒன்வே'ம்போம். ஒரு பக்கம்தான் போகும்.

இதுல பெரிய ஆச்சரியம் என்னன்னா, எதிர்வீட்டு ஜானகியைக் கூட்டியாந்து அது கையில போனைக் கொடுத்து, நீ கேளு தாயின்னேன். நான் வாசல்ல போய் நின்னுக்கிட்டேன். நிக்கல தம்பி! ஜானகி கேட்டுச்சு, 'எப்பக்கா வாறீங்க'ன்னு, என் காதால கேட்டேன். பெறகு மெதுவாப் பேசிக்கிட்டாங்க ரெண்டு பேரும். ரொம்ப நேரம். ஜானகி வெளிய வரும்போது கண்ணைத் தொடச்சுக்கிட்டு வந்துச்சு. என்ன சொன்னா, எப்ப வாறாளாம்னு கேட்டா, 'நெட்டு நல்லாத்தான் இருக்குண்ணே'ங்குது. அம்புட்டுத்தான். நான் அதைக் கேட்டேனா? பெறகு அது இந்தப் பக்கம் வர்றதே குறைஞ்சு போச்சு.

மககிட்டக் கேக்கலையான்னு நீ கேப்ப. கேட்டேன். 'அதை அம்மாகிட்டயே கேளுங்கப்பா'ங்கிறா. அம்மாகிட்டக் கேட்டாத்தான் நெட்டு நிக்குதே! சொன்னாப் புரிஞ்சிக்கிறதில்ல. படிச்ச புள்ளை.

என்ன தம்பி, ஏன் டீயைக் கீழ வெச்சுட்ட? சர்க்கரை கூடிப்போச்சா?

சண்டையா? எங்களுக்குள்ளயா? நல்லாக் கேட்ட போ. இத்தனை வருஷத்துல அவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் சொன்னாச் சொன்னதுதான். காப்பி ஆறியிருந்தா டம்ளரை அப்படியே நகத்தி வைப்பேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவளா எடுத்துட்டுப் போய்ச் சுட வெச்சுக் கொண்டாந்துருவா. அம்புட்டுப் புரிஞ்சு நடந்துக்கிறவ. கடைகண்ணிக்குத் தனியா அனுப்பினதில்ல, எல்லாம் நானே வாங்கியாந்து போட்டுருவேன். வெளிய போய் அவ கஷ்டப்படக் கூடாது பாரு.

இந்த ஏரியாவுலயே முதல்ல போன் வந்தது நம்ம வீட்டுக்குத்தான். அந்த டயல் போன் உனக்குத் தெரியாது, விரலை விட்டுச் சுத்தணும். அந்த ஓட்டையில மாட்டுறதுக்குன்னே சின்னப் பூட்டு ஒண்ணு கடையில விக்கும். மாட்டிட்டா டயல் சுத்தாது. வர்ற கால் வரும், நாம யாருக்கும் போட முடியாது. நான் டூட்டிக்குப் போகும்போது பூட்டிட்டுச் சாவியை பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிருவேன். பொம்பளைக பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்கல்ல? அவங்க அம்மா அருப்புக்கோட்டையில இருந்துச்சு. அதுக்குப் பேசணும்னா நான் இருக்கும்போது கேட்டுப் பேச வேண்டியதுதான், நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா அவ கேட்டதே கிடையாது. எப்பயாவது அங்கயிருந்து வர்ற காலை எடுத்துப் பேசுவா, அதோட சரி. அம்புட்டு அடக்கம்.

அங்க போய்க் கொஞ்சம் மாறித்தான் இருக்கா. மாறாம இருக்க முடியுமா? தனியா டிராம்ல போறாளாம். சுடிதார் போடுறா. சனிக்கிழமையானா அங்க இருக்கற நம்ம புள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்குறாளாம், இவளே எட்டாங் கிளாஸு! அதுக டீச்சர் டீச்சர்னு கூப்பிடுதுகளாம். அதைச் சொல்லும்போது அவ மூஞ்சியைப் பாக்கணுமே. மகளோட வீட்டுல அடுப்படியிலயே வாஷிங் மிஷின் இருக்கு, முன்னாடி வட்டமாக் கண்ணாடி வெச்ச மிஷின். அது ஓடுறதுக்கு முன்னாடி உக்காந்துதான் என்னோட பேசுவா. இங்கயும் மிஷின் வாங்கலாமான்னு அவ ஒருக்காக் கேட்டதுண்டு. இங்கதான் நல்லாத் துவைக்கிற கல்லு கிடக்கே, எதுக்குன்னு விட்டுட்டேன். வந்தா இப்ப வாங்கிப் போடலாம்தான். முதல்ல வரணும்ல?

அந்த மிஷினைச் சொல்லவும்தான் ஞாபகம் வருது. இதை இதுவரைக்கும் வந்தவங்க யாருமே நம்பல. படம் நிக்குதுல்ல? அவதான் நிக்கிறா. பின்னாடி மிஷின் சுத்துது. துணி மேல ஏறுது, விழுகுது, ஏறுது, விழுகுது. அவ மட்டும் அசையாம இருக்கா. பாதிப் படம் நிக்குது, பாதிப் படம் ஓடுது. இது என்ன கோளாறு தம்பி? இதை எங்க சர்வீஸ்ல நான் கேள்விப்பட்டதேயில்ல. உனக்குத் தெரியுமா?

ஏன் தலையைக் குனிஞ்சிக்கிட்ட? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, அதுல ஒண்ணும் தப்பில்ல. சொல்றதை நம்பலைன்னா இரு, இப்பவே போட்டுக் காட்டுறேன். இப்ப அங்க மத்தியானம், மாப்பிள்ளையும் மகளும் வேலைக்குப் போயிருப்பாங்க, அவளும் பேரனும்தான் இருப்பாங்க. நீ இங்கிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால நில்லு. அவளுக்குத் தெரியாத மாதிரி நில்லு. வேத்து ஆளு இருந்தாப் பேச மாட்டா. போனை இந்தச் சொம்புல சாய்ச்சு வைக்கிறேன். ரிங் போகுது பாரு.

ஆ, சொர்ணம்! தெரியுறனா? நீ நல்லாத் தெரியுற. சாப்பிட்டியா? என்ன குழம்பு? சாம்பாரா, சரி. எங்க அந்தப் பய? தூங்கலையா? காலுக்கடியில நிக்கிறானா, தூக்கிக் காட்டு. அடேயப்பா, வளந்துட்டான். தாத்தாடா. தாத்தா சொல்லு. சொல்ல மாட்டானே, போன் மேலதான் கண்ணு அவனுக்கு. நான்? நான் தோசை சுட்டேன். ஒட்டலடி, நீ சொன்ன மாதிரி வெங்காயம் தேய்ச்சேன், சும்மா வழுக்கிக்கிட்டு வந்துச்சு. ஆமா, முறுகலா வந்துச்சு. சிரிக்காத, நெசமாத்தான்.

பாத்துக்கிட்டியா தம்பி, எம்புட்டுத் தெளிவு. மைக்கை விரலால மூடியிருக்கேன், அவளுக்குக் கேக்காது. இப்பப் பாரு.

சொர்ணம், மாசக் கடைசி வருதுல்ல. டிக்கெட்டு போட்டாச்சா? எப்ப வாற?

நின்னுச்சு! பாத்தியா? பாத்தியா தம்பி? நான் சொன்னேன்ல! இனிமே நான் பொய் சொல்றேன்னு எவனும் சொல்ல முடியாது. பின்னாடி பாரு, மிஷின் ஓடுது. நல்லாப் பாரு. என் மூஞ்சியை ஏன் பாக்குற, போனைப் பாரு. ஹலோ! ஹலோ சொர்ணம்! போ, அந்த ரவுட்டரைப் போய்ப் பாரு, லைட்டு என்ன எரியுது? பச்சையா? அப்பப் பச்சை எரியும்போதேதான் நிக்குது.

நான் கட் பண்ண மாட்டேன். எப்பவும் அவ பக்கம்தான் கட்டாகும், நான் பண்ண மாட்டேன். உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, இந்த மாதிரி நின்னுருக்கும்போதுதான் நான் கொஞ்சம் பேசுவேன். நேர்ல பேச எனக்கு வராது. இப்பக் கேக்காதுல்ல, அதனால வரும். நீ தப்பா எடுத்துக்காத.

சொர்ணம், நேத்து கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன். கடைக்காரன் என்ன சார், வீட்டுல அம்மா இல்லையான்னான். இருக்காங்கன்னு சொல்லிட்டேன். அவன்கிட்டப் போய் என்னத்தச் சொல்ல? காலையில ஒண்ணும் தெரியல. சாயங்காலம் ஆனா வீட்டுக்குள்ள இருக்க முடியலடி. லைட்டு போட்டா இன்னும் மோசம், எல்லாச் சேரும் காலியாக் கிடக்கறது நல்லாத் தெரியுது. டீவியைச் சத்தமா வெச்சுட்டு வாசல்ல உக்காந்துக்கிறேன், உள்ள யாரோ பேசிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கும். நீ இருக்கும்போதும் நாம என்னத்தப் பேசினோம்? ஆனா நீ அடுப்படியில பாத்திரத்தை உருட்டுற சத்தம் கேக்கும். நான் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் பேப்பர் படிச்சிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது. இப்ப ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்க ஓட மாட்டேங்குது. பயமா இருக்குடி. சாவுக்கில்ல. இப்படியே இருந்துருமோன்னு பயமா இருக்கு. எனக்கு நீ வேணும்டி சொர்ணம்.

பேரனைப் பாரு தம்பி, அவன் மட்டும் நல்லா ஓடுறான். அவ மடியில ஏறி நிக்கிறான். முடியைப் புடிச்சு இழுக்குறான் பாரு, அவ அசையவேயில்ல. கன்னத்துல எதுக்குக் கையை வைக்கிறான்? எதையோ தொடச்சு விடுறான். என்னது அது? நீ கிட்ட வா. என் கண்ணாடி சரியில்ல, நீ பாத்துச் சொல்லு.

தண்ணிதான?

படம் நின்னு போனா கண்ணுலருந்து எப்படித் தண்ணி வரும்?

உனக்கு இந்தத் தொழில் தெரியும்ல. நீ சொல்லு, எந்தப் பக்கம் கோளாறு?

வேணாம். சொல்லாத. இருக்கட்டும்.

நீ அந்தப் பெட்டியைத் தொடாத தம்பி, இருக்கற மாதிரியே இருக்கட்டும். புதுசு மாட்ட வேணாம். ஆமா, வேணாம்னுதான் சொல்றேன். கம்ப்ளெய்ன்டை முடிச்சிரு, இனிமே நான் போட மாட்டேன். உன் மேல ஒண்ணும் இல்ல, நீ நல்லாத்தான் பாத்த. போய்ட்டு வா. சத்தம் போடாம மெதுவாப் போ, வேத்து ஆளு இருந்தா அவளுக்குச் சங்கடமா இருக்கும்.

சொர்ணம். இங்க நெட்டு ரொம்ப மோசமா இருக்குடி. நீ அப்படியே இரு, அசைய வேணாம். பதிலும் சொல்ல வேணாம். நான் இனிமே அதைக் கேக்க மாட்டேன். நீ கட் மட்டும் பண்ணிறாத.